உலுரு: மறைந்த மலைகளின் மணல்



அவுஸ்திரேலியாவின் நடுவே, மணல் படர்ந்த சமவெளியில், உலுரு என்னும் செந்நிறப் பாறை தனித்து நிற்கிறது. அதன் உயரம் 348 மீற்றர். சுற்றளவு 9 கிலோமீற்றருக்கும் அதிகம். படத்தில் அதனைக் காணும் மாணவர், யாரோ கொணர்ந்து வைத்த ஒற்றைப் பெருங்கல் என்றே எண்ணுவர். அஃது உண்மையன்று.

ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அப்பகுதியை அடுத்து உயர்ந்த மலைத்தொடரொன்று இருந்தது. நிலத்தில் மரஞ்செடிகள் தோன்றாத காலம் அது. மழைநீர் தடையின்றி மலையை அரித்து, அடிவாரத்தில் விசிறி போன்ற படிவுகளைப் பரப்பிற்று. ஒரு விசிறியிற் படிந்த பருமணலே உலுருவின் மணற்கல். மற்றொன்றிற் படிந்த உருண்டைக் கற்களே, மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கட்டா ஜுட்டாவின் 36 குவிமாடப் பாறைகள்.

இதனை எவ்வாறு அறிந்தனர்? உலுருவின் மணற்கல்லில் பெல்ஸ்பார் என்னும் கனியம் மிகுந்துள்ளது. நெடுங்காலம் நீரிலும் காற்றிலும் கிடப்பின் அது சிதைந்துவிடும். சிதையாது எஞ்சியமையால், மணல் அண்மையிலிருந்தே வந்து விரைவிற் புதையுண்டது என்பது தெளிவு.

பின்னர் அவ்விடத்தைக் கடல் மூடியது. படிவுகள் இறுகிக் கல்லாயின. 40 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் மடிந்தபோது, உலுருவின் படைகள் ஏறக்குறையச் செங்குத்தாக நிமிர்ந்தன; கட்டா ஜுட்டாவின் படைகள் சிறிதே சாய்ந்தன. சுற்றியிருந்த மென்பாறைகள் தேய்ந்தொழிய, இவை எஞ்சின. ஆகவே, உலுரு நிலத்தின்மேல் வைத்த கல்லன்று. நிலத்தினுள் வெகு ஆழம் செல்லும் படைகளின் வெளித்தெரியும் நுனியே. அதன் செம்மையும் மேற்றோல் மட்டுமே. கல்லிலுள்ள இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறியதால் வந்த நிறம் அது. உட்புறம் சாம்பல் நிறமானது.

அங்கு தொன்றுதொட்டு வாழும் அனங்கு மக்களுக்கு இப்பாறை புனிதமானது. 1873ஆம் ஆண்டு அங்கு சென்ற ஐரோப்பியர் அதற்கு வேறு பெயரிட்டனர். 1985 ஒக்ரோபர் 26இல் நிலவுரிமை அனங்கு மக்களுக்கு மீண்டது. 2019இல், அதே தேதியில், பாறைமீது ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.

இதனால் செல்வோர்க்கு இழப்பில்லை. பாறையின் உச்சியில் நின்றவர் கண்டது சமவெளியையே. நிமிர்ந்த படைகளையும், குகைகளில் தெரியும் சாம்பல் நிறத்தையும் அடியைச் சுற்றி நடப்பவரே காண்பர்.