பியரும் சாராயமும்: கலவையின் கணக்கு



தீபாவளியோ கல்யாணமோ சம்பள நாளோ வந்துவிட்டால், பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் வீடுகளிலே விருந்தினர் கூடுவர். சமையல் ஒரு புறம் நடக்கும். மறு புறம் ஒரு போத்தல் பியரும் கால் போத்தல் சாராயமும் வந்து சேரும். சிலர் இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றிக் கலந்து அருந்துவர். அந்தக் குவளைக்குள் உண்மையில் இருப்பது எவ்வளவு என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையை ஆராய்வோம். பியரை முதலிலும் சாராயத்தைப் பின்னரும் குடித்தால் கெடுதல் என்பர் சிலர். அதற்கு நேர்மாறாகச் சொல்வாரும் உளர். ஜெர்மனியில் 90 பேருக்குப் பியரையும் திராட்சை மதுவையும் வெவ்வேறு வரிசையில் கொடுத்துச் சோதித்த ஆய்வொன்று 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எதை முதலில் அருந்தினாலும் மறுநாள் வேதனையில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, தீங்கு வரிசையில் இல்லை, அளவிலேதான் இருக்கிறது. கலந்து குடிப்பவர் அந்த அளவை மறந்துவிடுகிறார் என்பதே கலவையின் ஆபத்து.

அந்த அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரண பியரில் நூற்றுக்கு 5 பங்கு அளவில் தூய மதுசாரம் உண்டு. கடும் பியரில் அது ஏறக்குறைய 9 பங்கு. சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு. எனவே 625 மில்லிலீற்றர் கடும் பியர்ப் போத்தல் ஒன்றில் சுமார் 55 மில்லிலீற்றரும், 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தல் சாராயத்தில் சுமார் 60 மில்லிலீற்றரும் தூய மதுசாரம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 115.

நமது ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 மில்லிலீற்றர் மதுசாரத்தையே எரித்துத் தீர்க்கும். ஆளுக்கு ஆள் இது சற்றுக் கூடும், குறையும். எலுமிச்சம்பழச் சாறோ, மோரோ, கோப்பியோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ அதன் வேகத்தைக் கூட்டாது. மாலை 7 மணிக்குத் தொடங்கி அவ்விரண்டையும் தனியே குடித்து முடித்தவர், காலை 6 மணிக்குப் பெரட்டுக்கு வந்து நிற்கும்போதும் அவர் இரத்தத்தில் மது எஞ்சியிருக்கும். கவ்வாத்துக் கத்தியை ஏந்துவதும், வளைந்து செல்லும் மலைப்பாதையில் லொறியைச் செலுத்துவதும் அந்த நிலையிலேதான். தூங்கி எழுந்ததனால் தெளிந்துவிட்டோம் என்று எண்ணுவது பெரும் பிழை.

"மலைக்குளிருக்கு ஒரு மடக்கு நல்லது" என்பதும் தவறான எண்ணம். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் வெப்பம் ஏறியதுபோலத் தோன்றும். உண்மையிலோ உடலின் உட்சூடு வெளியேறிக் குறைகிறது. போதையில் பனியிலே வழியில் படுத்துவிட்டவருக்கு அது உயிராபத்தாகும்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது? குடியாதிருப்பதே சிறப்பு. உடல்நலத்துக்குத் தீங்கே செய்யாத மது அளவென்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார தாபனம் 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது. எனினும் அருந்துவோர், கலப்பதை விட்டு ஒன்றையே தெரிந்துகொள்ளட்டும். சாராயத்தை 50 மில்லிலீற்றர் சிறு கிண்ணத்தால் அளந்து ஊற்றட்டும். அந்த ஒரு கிண்ணமும், சாதாரண பியரில் ஒரு லீற்றரின் மூன்றில் ஒரு பங்கும் ஏறக்குறையச் சமம். உணவுண்டபின் அருந்துக, இடையிடையே தண்ணீர் பருகுக, அடுத்த கிண்ணத்துக்கு முன் இரண்டு மணி நேரமேனும் செல்லட்டும். கருவுற்ற தாய்மாரும், ஈரல் நோயாளரும், தூக்க மாத்திரை உண்போரும், வாகனம் ஓட்ட வேண்டியவரும் அறவே தொடலாகாது. இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. கடைக்காரர் விற்கக் கூடாததை வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

கசிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விலை மலிவு என்று அதை வாங்கிப் பியரில் கலந்து சுவையை மாற்றுவாரும் உளர். சுவை மாறலாம்; விஷம் மாறாது. கசிப்பில் மெதனோல் கலந்திருந்தால் நாவாலும் மூக்காலும் அறிய இயலாது. அது கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். பார்வை மங்கினால் விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

குடித்தவர் எழுப்பியும் எழாமல் கிடந்தால், மல்லாக்கப் படுக்க விடாதீர்கள்; வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றலாகாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கொழுந்து பறிக்கும் தாய்மார் தாம் கொய்த கொழுந்தின் நிறையைக் கிலோக் கணக்கில் சரிபார்த்துக்கொள்வர். அத்தகைய கணக்கை, அவர்களுடைய உழைப்பில் வாங்கப்பட்ட அந்தக் குவளைக்கும் வீட்டார் போடுவார்களாக.