கிணற்றடியில் மின்மோட்டர்: சுவிட்ச் போடுமுன்

சொந்த வளவுக்குத் திரும்பும் கமக்காரக் குடும்பம் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் பலரும், 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்தவர்களில் பலரும் கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்தே வாழ்வை மறுபடி தொடங்கினார்கள்.

1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதபோது துலாவும் மண்ணெண்ணெய் மிசினுமே கைகொடுத்தன. இன்று பல வீடுகளில் மின்மோட்டர் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் கிணற்றடி என்பது தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கும் இடம். அங்கே நாங்கள் வெறுங்காலோடும் ஈரக்கையோடும் நிற்கிறோம்.

மீளக்குடியேறிய கிராமம் ஒன்றில் ஒரு மோட்டரைப் பார்த்தேன். கடன்பட்டு வாங்கியது. அயல் வீட்டிலிருந்து வேலிக் கதியால்களில் கட்டி இழுத்த வயரில் இரண்டே கம்பிகள். "தொட்டால் சாதுவாய் உதறும் சுவாமி, அவ்வளவுதான்" என்றார் வீட்டுக்காரர். அன்று அவர் காலில் செருப்பு இருந்தது. மகள் குளிக்க வரும்போது அவள் காலில் செருப்பு இராது. அந்தச் சின்ன உதறலைப் பழகிப்போன விடயமாக எடுக்காதீர்கள். மோட்டருக்குள்ளே மின்சாரம் கசிகிறது என்பதன் அறிவித்தல் அது.

முதலாவது: எர்த்

மோட்டரின் உட்சுருளில் ஈரம் பிடித்தால், அல்லது அதன் காப்பு தேய்ந்தால், வெளி இரும்புக்கு மின்சாரம் வந்துவிடும். அதை மண்ணுக்குள் கொண்டுசெல்வதற்கே புவிக்கம்பி, அதாவது எர்த். எனவே மோட்டருக்குப் போகும் வயரில் மூன்று கம்பிகள் இருக்க வேண்டும். பழைய வயர்களில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு, எர்த் பச்சை. இப்போதைய வயர்களில் முறையே கபிலம், நீலம், பச்சையும் மஞ்சளும்.

எர்த் கம்பியின் மறுமுனை மண்ணில் இறக்கிய எர்த் கோலில் முடிய வேண்டும். காய்ந்த மண் மின்சாரத்தை நன்றாக வாங்காது. ஆகவே கோலை ஈரம் நிற்கும் ஆழமான மண்ணில் இறக்குங்கள். எர்த் இல்லையென்று நொதுமல் கம்பியை மோட்டரின் உடலோடு முடிந்துவிடுவது உயிராபத்து. எங்காவது அந்த நொதுமல் அறுந்தால் மோட்டர் முழுவதும் மின்னேறி நிற்கும்.

இரண்டாவது: ட்ரிப் சுவிட்ச்

"ஃபியூஸ் இருக்கிறது, போதும்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ஃபியூஸ் வயரைக் காக்கும், மனிதரைக் காக்காது.

ஒரு கணக்குப் பாருங்கள். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். நனைந்த உடலின் தடையை 1,000 ஓம் என்று வைத்தால், உடலினூடாக 230 மில்லி அம்பியர் பாயும். இதயத்தை நிறுத்த இது தாராளமாகப் போதும். ஆனால் 15 அம்பியர் ஃபியூஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அதில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. அதேபோல எர்த்தின் தடை 50 ஓம் என்றால் கசிவு 4.6 அம்பியர்தான். அதற்கும் ஃபியூஸ் எரியாது.

ட்ரிப் சுவிட்ச் வேறுவிதமாக வேலை செய்கிறது. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுமுன்னோ எட்டியவுடனோ கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். வாங்கும்போது அதன் முகப்பில் 30 மில்லி அம்பியர் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். பொத்தான் எர்த்தைச் சோதிக்காது. எர்த்தை மின்வேலை கற்றவர் கருவி வைத்து அளக்க வேண்டும்.

மூன்றாவது: வயர்

ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 5 அல்லது 6 அம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு எடுக்கும். மெல்லிய நீண்ட வயரில் அந்நேரம் வோல்ற் விழுந்து, மோட்டர் சுழல முடியாமல் முனகிச் சூடேறும். வீட்டிலிருந்து கிணறு 40 மீற்றர் என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போடுங்கள். நடுவில் முடிச்சுப் போட்டு ரேப் சுற்ற வேண்டாம். கதியாலில் கட்டவும் வேண்டாம். கதியால் வளரும், காற்றில் ஆடும், வயரைத் தேய்க்கும். பி.வி.சி. குழாயினுள் விட்டு, மண்வெட்டி படாத ஆழத்தில், இரண்டடியில் தாழ்த்துங்கள்.

நான்காவது: மோட்டரின் இடம்

நிலத்திலிருந்து உயர்ந்த சீமெந்துக் கட்டில் மோட்டரை இறுக்கி, மழை படாமல் கூரை போட்டு, காற்றோட்டம் விடுங்கள். சுவிட்சைக் குளிக்கும் நீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள்.

மேலே வைக்கும் மோட்டர் நடைமுறையில் 7 மீற்றர், அதாவது ஏறத்தாழ 23 அடி ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும். மாரியில் அளந்துவிட்டு ஏமாறாதீர்கள். ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றியிருக்கும்போது அளவுங்கள். நீர் அதற்குக் கீழே போனால் நீர்மூழ்கி மோட்டரே பொருத்தம். மண்ணெண்ணெய் மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமின்றிக் கொல்லும்.

ஆபத்து நேர்ந்தால்

மோட்டரில் கை வைக்குமுன் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். நீர்மூழ்கி மோட்டர் ஓடும் கிணற்றில் ஒருவரும் இறங்கக் கூடாது. யாரையாவது மின்சாரம் பிடித்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் அவரை விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் விடாமல் அழுத்திக்கொண்டு, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைப்பியுங்கள்.

கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாமல் இருக்கலாம். அப்படியானால் மோட்டரை அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போடுங்கள். எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் தள்ளிப்போட்டு மோட்டரை வாங்காதீர்கள். அதுவரை வாளியால் அள்ளலாம். இவ்வளவு காலம் அலைந்து திரும்பி வந்தவர்களைச் சொந்தக் கிணற்றடியில் இழக்கக் கூடாது.