வேலைக்கு எழுதும் கடிதம்: சொல்ல வேண்டியதும் அனுப்பக் கூடாததும்

பி.காம்., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் வேலைக்கு அனுப்பிய மின்னஞ்சல்களை என்னிடம் காட்டி, “ஏன் யாருமே கூப்பிடவில்லை?” என்று கேட்கிறார்கள். திறந்து பார்த்தால் கடிதமே இருக்காது. ‘பிளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு’ என்று ஒரு வரி. அதோடு ரெஸ்யூம், மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் ஒரே பிடிஎஃப். ஆள் எடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் எதுவும் இல்லை. ஏமாற்றுகிறவனுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது.

கடிதம் எழுதுகிறவர்களும் பிரவுசிங் சென்டர் கணினியில் கிடக்கும் மாதிரியைத்தான் எடுக்கிறார்கள். “தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்”, “கடின உழைப்பாளி” என்று ஊருக்கெல்லாம் ஒரே கடிதம். சில கடிதங்களில் முன்பு விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர்கூட மாறியிருக்காது. இன்னும் சிலர் குடும்பக் கஷ்டத்தை எழுதுகிறார்கள். கஷ்டம் உண்மைதான். ஆனால் ஹெச்.ஆர். மேசையில் இருப்பவர் கேட்பது ஒன்றே: நான் சொன்ன வேலையை இவர் செய்வாரா?

அதற்குப் பதில் விளம்பரத்திலேயே இருக்கிறது. ஓசூரில் ஒரு நிறுவனம் கணக்கு உதவியாளர் கேட்டு, டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையும் தெரிய வேண்டும் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலின் பொருள் வரியில் வேலையின் பெயர், விளம்பரத் தேதி, உங்கள் பெயர். முதல் பத்தியில் எந்த வேலை, எங்கே பார்த்தீர்கள். இரண்டாவது பத்திதான் உயிர். அங்கே “டேலி தெரியும்” என்று எழுதினால் போதாது. “ஹார்டுவேர் கடை ஒன்றில் எட்டு மாதம் டேலியில் கொள்முதல், விற்பனை பில்களைப் பதிந்தேன். ஜிஎஸ்டிஆர்-1 மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும் 3பி 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும் என்பதால், 5-ஆம் தேதிக்குள் பில்களைச் சரிபார்த்து ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன்” என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் சங்கதி இதுதான். வேலைக்கே போகாதவர் கல்லூரி பிராஜெக்ட்டில் தான் செய்த பகுதியையோ, மாமா கடையில் பார்த்த கணக்கையோ இதே மாதிரி எழுதலாம். கடைசிப் பத்தியில் எப்போது சேர முடியும், எந்த எண்ணில் பேசலாம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

இல்லாத அனுபவத்தை எழுதாதீர்கள். பி.எஃப். பிடித்த வேலை என்றால் உங்கள் யுஏஎன் எண்ணிலேயே எங்கே, எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். இடையில் வேலை இல்லாத காலம் இருந்தால் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். மறைப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

இனி இணைப்பு. முதல் கடிதத்தோடு போக வேண்டியது ரெஸ்யூம் மட்டுமே. விளம்பரத்தில் வெளிப்படையாகக் கேட்டிருந்தால் மதிப்பெண் பட்டியல் நகல். ஆதார், பான், பாஸ்புக் வேண்டாம். வேலை உறுதியாகி, ஆர்டர் கைக்கு வந்த பிறகு ஆதார் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்திருக்கும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம். விட்டுவிட்டு வரக் கூடாது.

வெறும் வாட்ஸ்அப் எண்ணை மட்டும் போட்டு வரும் விளம்பரத்துக்கு எதையும் அனுப்புவதற்கு முன், அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சி டெபாசிட், லேப்டாப் காப்பீடு என்று பேச்சு பணத்துக்குத் திரும்பினால் அங்கேயே நிறுத்துங்கள். தனியார் வேலைகளுக்காகத் தமிழ்நாடு அரசே நடத்தும் இணையதளத்தில் கட்டணம் கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பெயரிலேயே ‘தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்று இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்க மட்டும் அங்கே போய்த் திரும்புகிறோம். கடிதத்தை எடுத்துப்போய்க் காட்டி வழிகாட்டக் கேளுங்கள். அங்கிருப்பவர்களும் வரிசையை நகர்த்தினால் போதும் என்றிருக்கக் கூடாது.

பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய எண், பணப் பரிமாற்ற எண் எதையும் அழிக்காதீர்கள். ஆதார் போயிருந்தால் ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். “இது எங்கள் எல்லை இல்லை” என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் என்னும் அரசுத் தளத்தில் பாருங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக அவர் இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதுவும் ரசீதோடு. அதற்கு மேல் கேட்டாலோ பதிவே இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.

எங்கே, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு வாரம் போனதும் பணிவாக ஒரு வரி விசாரித்து எழுதலாம். அந்த மின்னஞ்சலிலும் ஆதார் வேண்டாம்.