வலிக்காத கட்டி

இலங்கைப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆண்டுக்கு நான்காயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இது கண்டறியப்படுகிறது. ஐம்பது, அறுபது வயதுக்காரர்களே அதிகம். நாற்பதைத் தொடாதவர்களும் உண்டு. வயது நம் கையில் இல்லை. நோய் எந்தக் கட்டத்தில் பிடிபடுகிறது என்பது ஓரளவு நம் கையில்தான் இருக்கிறது.

கட்டி 2 சென்ரிமீற்றருக்கு மேற்போகாமல், அக்குள் நெறிகளுக்கும் பரவாமல் இருந்தால் முதலாம் கட்டம். எலும்பு, ஈரல், நுரையீரல் வரை போய்விட்டால் நான்காம் கட்டம். முன்னதில் குணமாக்கவே வைத்தியம் செய்கிறார்கள். பின்னதில் பெரும்பாலும் நோயை அடக்கி ஆயுளை நீட்டத்தான் முடியும்.

கண்டியைச் சுற்றிய கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட தோட்டங்களில் இடைப்பட்ட காலம் எப்படிக் கரைகிறது? ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கொழுந்து நிறை குறைந்தாலே அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். கண்டிக்கு பஸ் ஏறினால் அதுவும் கிடையாது. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் சம்பளத்தை யார் விடுவார்? மார்பைக் காட்டக் கூச்சம் வேறு. பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் என்றால், “பால் கட்டியிருக்கும்” என்று வீட்டிலேயே முடிவு சொல்லிவிடுகிறார்கள்.

1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் 35, 45 வயதுப் பெண்களைக் குறிப்பாக அழைத்து, மார்பையும் கருப்பைக் கழுத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கின்றன. இடம், நாள் விபரம் மருத்துவமாதிடம் கிடைக்கும். ஆனால் கட்டி தட்டுப்பட்டால் வயது பார்த்துக் காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியர் தொட்டுப் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார்கள், சந்தேகம் இருந்தால் ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பார்கள். இளம் பெண்களின் மார்பு அடர்த்தியானது. மெமோகிராமில் கட்டி மறைந்துபோகலாம் என்பதால் அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே முதலில் உதவும். சோதிக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல.

உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்குகளில் இரண்டு இவை. நோயாளிகளில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் இரு கட்டங்களிலேயே கண்டறியப்பட வேண்டும். வைத்தியரிடம் வந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும். ஆனால் அந்த 60 நாள் கணக்கு, ஒரு பெண் வைத்தியரிடம் வந்த பிறகுதான் தொடங்குகிறது. வருவதற்கு முன் தோட்டத்தில் தொலையும் மாதங்களை எந்த ஆஸ்பத்திரியாலும் மீட்க முடியாது. ஆனால் அந்த மாதங்களைத் தோட்ட நிர்வாகத்தால் குறைக்க முடியும். கிளினிக் போகும் நாளுக்கும் முழுப்பேர் போடட்டும்.