முழுங்குவது நாம்... விலை வைப்பது யார்?

ஒரு ஹோட்டலுக்குப் போகிறீர்கள். உட்கார்ந்ததும் ஒருத்தர் வந்து உங்கள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார். கோழி கிறுக்கின மாதிரி எதையோ எழுதுகிறார். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இதைத்தான் சாப்பிடணும்" என்கிறார். அது பொங்கலா பூரியா, உங்களுக்குத் தெரியாது. விலை கேட்டால் மரியாதைக் குறைவு. சாப்பிடாமல் எழுந்து போனால் உயிருக்கு ஆபத்து! பில்லை மட்டும் நீங்கள் கட்ட வேண்டும்.

அந்த ஹோட்டலில் இட்லி என்ன விலை விற்கும்? அதுதான் சார், நம் ஊர் மருந்து வியாபாரம்.

பி.காம். பரீட்சையில், 'போட்டி கூடினால் விலை இறங்கும்' என்று ரெண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். சோப்புக்கு அது சரி. மாத்திரைக்குச் சரிப்படவில்லை. என் மாமனார் ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியர். பென்ஷன் வந்ததும் முதல் செலவு மருந்துக் கடை. போன மாதம் இரண்டு அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ரெண்டும் கொலஸ்ட்ரால் மாத்திரைதான். ரெண்டுலயும் ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம். போன டாக்டர் எழுதினது ஒரு விலை, இந்த டாக்டர் எழுதினது மூணு மடங்கு. இதென்ன கணக்கு? நீங்க காமர்ஸ்தானே?"

ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஏரியாவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நண்பரிடம் ராத்திரி ஷட்டர் இறக்குகிற நேரமாகப் பார்த்துப் போனேன்.

"தம்பி, ரெண்டு தினுசு சரக்கு இருக்கு" என்று ஆரம்பித்தார் அவர். "ஒண்ணு, ரெப் பையைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போய்ச் சொல்லி எழுத வைக்கிறது. அதுல எனக்கு ரூபாய்க்கு இருபது பைசா. இன்னொண்ணு, ரெப்பே கிடையாது, நேரா கடைக்கு வர்ற ஜெனரிக். அதுல அட்டையில போட்ட விலை நூறுன்னா, நான் வாங்குறது இருபத்தஞ்சுக்கு!"

"அப்ப முப்பது ரூபாய்க்கு விக்கலாமேண்ணே?"

"இருபது பர்சன்ட் தள்ளுபடின்னு போர்டு போட்டிருக்கேனே... பாக்கலையா?"

பார்த்தேன். அந்தப் போர்டைப் பார்த்து உள்ளே நுழைகிற நாமெல்லாம் எவ்வளவு சந்தோஷமாக நுழைகிறோம்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மலிவான சரக்கு மலிவாகத்தான் தயாராகிறது, கடை வாசல் வரைக்கும் மலிவாகவே வருகிறது. அங்கே போட்டியும் பலமாக இருக்கிறது. ஆனால் கம்பெனிகள் போட்டி போடுவது நமக்காக இல்லை, கடைக்காரருக்காக. அட்டையில் யார் விலையை அதிகமாக அச்சடிக்கிறார்களோ, அவர் சரக்கில்தான் கடைக்காரருக்கு லாபம் அதிகம். அதனால் போட்டி கூடக் கூட அச்சடித்த விலை ஏறுகிறது! என் பொருளாதாரப் பேராசிரியர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார். (விழுந்தால் அதற்கும் மாத்திரை.)

ரெப் வழியாக வருகிற சரக்குக்கு வேறு கணக்கு. ஒரு மருந்துக் கம்பெனி டாக்டர்களுக்குக் கொடுத்த பரிசுகளை 'விற்பனைச் செலவு' என்று காட்டி வருமான வரியில் கழிவு கேட்டது. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2022 பிப்ரவரியில் 'முடியாது' என்று தீர்ப்பு வந்தது. தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப், வெளிநாட்டுப் பயணம் என்று இப்படிக் கொடுக்கப்படுகிற தினுசுகளையும் தீர்ப்பு சொல்கிறது. அந்தச் செலவெல்லாம் கடைசியில் மருந்து விலையில்தான் ஏறுகிறது என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். அதாவது, யார் வீட்டு ஃபிரிட்ஜுக்கோ என் மாமனார் தவணை கட்டிக்கொண்டிருக்கலாம்.

உடனே டாக்டர்கள் மேல் பாய வேண்டாம். பத்து காசு வாங்காத டாக்டர்கள் ஏராளம். அவர்களும் ஜெனரிக் எழுதத் தயங்குகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. தரம் குறைந்த மருந்துகள் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதாமாதம் ஒரு பட்டியல் வெளியிடுகிறதே... அதைப் படித்தால் யாருக்குத்தான் பயம் வராது? 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், 'டாக்டர்கள் மருந்தின் பெயரைத்தான் எழுத வேண்டும், பிராண்டை அல்ல' என்று விதி கொண்டுவந்தது. தரத்துக்கு யார் கியாரண்டி என்று டாக்டர்கள் கேட்டார்கள். அதே மாதம் விதி நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு மாதம்கூட முழுசாக நிற்கவில்லை!

கடைக்காரராவது மாற்றிக் கொடுக்கலாமா? சட்டப்படி கூடாது. சீட்டில் எழுதின சரக்குக்குப் பதிலாக அவர் இஷ்டத்துக்கு வேறொன்றைக் கொடுத்தால் விதிமீறல். ஆக, டாக்டர் எழுத மாட்டார், கடைக்காரர் மாற்றக் கூடாது, நமக்கோ பெயரே வாயில் நுழையாது. யார்தான் விலையைக் குறைப்பது?

அரசாங்கம்தான் என்பேன். 'எல்லாத்துக்கும் கவர்மென்டா?' என்று பக்கத்து சீட்டு நண்பர் சண்டைக்கு வருவார். வரட்டும். வாங்குகிறவனால் பேரம் பேச முடியாத கடையில், அவனுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டாமா?

முன்னே அந்த ஆள் கொஞ்சம் உரக்கவே பேசினார். 1979-ல் விலைக் கட்டுப்பாட்டில் இருந்த மருந்துகள் 347. 1987-ல் 142. 1995-ல் 74. நம் சம்பளத்தில் பிடித்தம் போக மிஞ்சுகிற மாதிரி குறைந்துகொண்டே வந்தது. அப்போதாவது கணக்கு எங்கள் காஸ்டிங் பாடம் போல இருந்தது. மூலப்பொருள் என்ன விலை, தயாரிப்புச் செலவு எவ்வளவு, அதற்கு மேல் இவ்வளவு என்று போட்டார்கள்.

2013-ல் புது உத்தரவு. அத்தியாவசியப் பட்டியலில் இருக்கும் மருந்துகள் எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நல்லதுதான், எண்ணிக்கை கூடியது. 2022 பட்டியலில் 384 மருந்துகள். ஆனால் கணக்கை மாற்றிவிட்டார்கள். சந்தையில் ஒரு சதவிகிதமாவது விற்கிற பிராண்டுகளின் விலையை எல்லாம் கூட்டிச் சராசரி எடு, கடைக்காரருக்குப் பதினாறு சதவிகிதம் சேர், அதுதான் உச்சவரம்பு! டீக்கு நியாய விலை என்ன என்று கண்டுபிடிக்க, முக்குக் கடை டீயையும் ஐந்து நட்சத்திர ஹோட்டல் டீயையும் கூட்டி இரண்டால் வகுப்பது மாதிரி. டீத்தூள் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை.

பட்டியலுக்கு வெளியே இருப்பவைதான் விற்பனையில் பெரும் பங்கு. அவற்றுக்கு ஒரே ஒரு நிபந்தனை. வருஷத்துக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. முதல் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

2025 செப்டம்பரில் மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவிகிதம் ஆக்கினார்கள். வரவேற்போம். கணக்குப் போட்டால் நூறு ரூபாய் மருந்தில் ஆறே கால் ரூபாய் மிச்சம். நண்பர் கடையில் பார்த்தேனே, நூறில் எழுபத்தைந்து... அது அப்படியேதான் இருக்கிறது.

அரசாங்கம் நினைத்தால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மருந்து தடவிய இதய ஸ்டென்ட், லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் ஒரே உத்தரவில் 29,600 ரூபாய். 2012-ல் இன்னொரு கூத்து. புற்றுநோய்க்கு நெக்ஸாவர் என்று ஒரு மருந்து. ஒரு மாதத்துக்கு 2,80,428 ரூபாய்! காப்புரிமை இருந்ததால் வேறு யாரும் செய்ய முடியாது. சட்டத்தில் இருக்கிற கட்டாய உரிமத்தை எடுத்து நாட்கோ என்ற ஹைதராபாத் கம்பெனிக்குக் கொடுத்தார்கள், காப்புரிமைக்காரருக்கு ராயல்டியும் உண்டு என்று சொல்லி. நாட்கோ விலை 8,880. ஆராய்ச்சிக்குச் செலவு செய்தவன் சம்பாதிக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். நோயாளி உயிரோடு இருந்தால்தானே வாங்குவான்?

நம் தமிழ்நாட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1994-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தை எல்லாம் மொத்தமாக டெண்டர் விட்டு, கம்பெனியிடம் நேராக வாங்குகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. சரக்கு வந்ததும் லேபுக்கு மாதிரி அனுப்புவார்கள். பாஸானால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். டாக்டர்கள் கேட்கிற கியாரண்டிக்கு இங்கே பதில் இருக்கிறது. ராஜஸ்தான் 2011-ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இதைப் பார்த்துத்தான் தானும் ஒரு கழகம் வைத்தது.

ஆனால் அது அரசு ஆஸ்பத்திரிக் க்யூவில் நிற்பவர்களுக்கு. பிரைவேட் டாக்டரிடம் போகிற என் மாமனாருக்கு? மத்திய அரசின் மலிவு விலை மக்கள் மருந்தகம் 2008-லிருந்து இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 'முதல்வர் மருந்தகம்' ஆயிரம் கடைகள் திறந்தார்கள். கடை இருக்கிறது. சீட்டில் பிராண்டு பெயர் அல்லவா இருக்கிறது!

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கம்பெனி என்ன விலைக்கு வெளியே அனுப்புகிறதோ, அதற்கு மேல் இத்தனை சதவிகிதம்தான் அச்சடிக்கலாம் என்று ஒரு கோடு. புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு முப்பது சதவிகிதம் என்று கோடு போட்டார்கள். பல பிராண்டுகள் பாதி விலைக்கும் கீழே இறங்கின. கொரோனா வந்தபோது, 2021-ல், பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் எழுபது சதவிகிதம் என்று போட்டார்கள். எந்தக் கம்பெனியும் கடையை மூடிக்கொண்டு காசிக்குப் போகவில்லை. அதே கோட்டைக் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் கேஸ் மாத்திரைக்கும் போடுங்கள் என்கிறேன்.

அது வரும்வரை, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "சார், பிராண்டோட சேர்த்து மருந்து பேரையும் எழுதிடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மாமனாரோடு போனபோது நான் கேட்டேன். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதித்தான் கொடுத்தார். படிக்கத்தான் முடியவில்லை. முதல்வர் மருந்தகத்தில் இருந்த பெண் ஒரே நொடியில் படித்து, அட்டையை எடுத்து வைத்தார்.