ரூபாயில் 80 காசு புத்தகத்துக்கு: ஒரு கோடை விடுமுறையின் வரவு செலவு

மொத்தச் செலவு 1,226 ரூபாய். பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவளுக்குப் பத்து வயது, கடைக்குட்டிக்கு நாலு. ஆளுக்கு வகுத்தால் 245 ரூபாய் சொச்சம். திருச்செந்தூர்ப் பக்கம் ஆச்சி வீட்டில் கழிந்த விடுமுறைக்கான படப்புத்தகம், கைவேலைச் சாமான், விளையாட்டு எல்லாம் இதற்குள் அடக்கம். கடைகளில் ஒரு பிள்ளைக்கான கைவேலைப் பெட்டியே ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். ஐந்து பேருக்கு வாங்கினால் 2,500. அதிலுள்ளதை வெட்டி ஒட்டிவிட்டால் பெட்டி காலி. அப்புறம் வெறும் அட்டைதான்.

எங்கள் செலவு இப்படி:

புத்தகங்கள்: 900
கதை நகல்கள்: 80
ஏ4 தாள் 60: 36
சார்ட் 2: 20
கிரேயான் 2 பெட்டி: 90
ஃபெவிகால்: 50
ஊசி, நூல்: 20
வெண்டைக்காய், பீட்ரூட்: 30

முதல் இரண்டு வரியைக் கூட்டினால் 980. அதாவது ரூபாயில் 80 காசு வாசிப்புக்கும் 20 காசு கைவேலைக்கும் போயிருக்கிறது. தெரிந்தேதான் இப்படிப் பிரித்தோம். பல வீடுகளில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. மினுமினுப்புத் தூள், நுரைத்தாள், ஒட்டுக்கண் என்று பை நிறைய வாங்குகிறோம். புத்தகத்தின் விலையைப் பார்த்ததும் “முப்பது பக்கத்துக்கு இவ்வளவா” என்று கீழே வைத்துவிடுகிறோம். பக்கத்தை எண்ணி விலை பார்க்கிற வரைக்கும் படப்புத்தகம் விலை கூடினதாகத்தான் தெரியும். வாசிப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். 175 ரூபாய்ப் புத்தகத்தை ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கு ஏழு தடவை மடியில் வைத்துப் புரட்டினால் 35 வாசிப்பு. ஒன்றுக்கு ஐந்து ரூபாய். நாலு வயதுப் பிள்ளைக்கு ஏழு தடவை என்பது இரண்டு நாள் கணக்கு. ஒட்டுக்கண் ஒரு தடவை ஒட்டினால் ஒட்டினதுதான்.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கமாக இருப்பதற்குக் காரணம் அச்சகம். பெரிய தாளை மடிக்க மடிக்கப் பக்கம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும்: 8, 16, 32. தலைப்பு, பதிப்பு விவரத்துக்கு நாலு பக்கம் போனால் கதைக்கு 28 மிஞ்சும்; விரித்து வைத்தால் 14 படம். உரக்க வாசித்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தோடு புத்தகத்தை அலமாரியில் வைத்தால் நஷ்டம். கதையிலிருந்தே ஒரு கைவேலைக்கு ஒரு மணி நேரம், கைவேலையில் செய்த பொருளை வைத்தே ஒன்றரை மணி நேர விளையாட்டு என்று கோத்தால் கணக்கு 160 நிமிடமாகிறது. விளையாடி முடித்த பிள்ளை மறுபடி புத்தகத்தைத் தேடி வருகிறது, தான் செய்தது படத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க.

முதலில் யானை. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’, சென்னையின் தூலிகா வெளியீடு. சளி பிடித்த பெரிய யானை தும்முகிறது, ஊர்க்காரர்கள் விழுகிறார்கள். இதற்குக் கைவேலைச் செலவு சுழி. மே பிறக்கும்போது தினசரி காலண்டரில் 120 தாள் கிழிபட்டிருக்கும். பின்பக்கம் வெள்ளை என்பதால் பால்கணக்கு எழுத ஆச்சி அவற்றைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார். அதிலிருந்து பத்துத் தாள் வாங்கி, நீளவாக்கில் மடித்து, முகம் வரைந்து திண்ணையில் வரிசையாக நிறுத்தினால் ஊர் தயார். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து தும்ம வேண்டும். ஒரே தும்மலில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதுதான் மதிப்பெண். பெரியவர்களின் நெஞ்சுக்கூட்டுக்கு இதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. நாலு வயதுக்காரன் ஆறு பேரை வீழ்த்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கம்பளிப்புழுவுக்குத்தான் செலவு அதிகம், 400 ரூபாய். எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ 1969-ல் வந்தது. ஒரு கட்டுக் காகிதத்தில் ஓட்டை குத்திக்கொண்டிருந்தபோது அவருக்கு உதித்த யோசனை. முதலில் புத்தகப்புழுவாக இருந்ததைக் கம்பளிப்புழுவாக மாற்றச் சொன்னவர் பதிப்பாசிரியர் ஆன் பெனடியூஸ். அளவு மாறும் பக்கங்களும் ஓட்டைகளும் கொண்ட புத்தகத்தைக் கட்டுபடியாகும் செலவில் அடித்துத் தர ஜப்பானில்தான் அச்சகம் கிடைத்தது. ஆங்கிலப் புத்தகம் என்பதால் படத்தைக் காட்டிக் கதையைத் தமிழில் சொன்னோம்.

அந்தப் புழுவின் சாப்பாட்டுக் கணக்கைப் புளியங்கொட்டையால் போடலாம். திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 3, வியாழன் 4, வெள்ளி 5. கொட்டையை வரிசைக்கு ஒன்று கூட்டி அடுக்கினால் முக்கோணம் வரும். கூட்டுத்தொகை 1, 3, 6, 10, 15 என்று ஏறும். சனிக்கிழமை பத்துப் பண்டம், ஆக 25. ஞாயிறு ஓர் இலை, 26. பத்து வயதுக்காரி இதைப் பார்த்துவிட்டு, வெள்ளியோடு நிற்காமல் ஞாயிறு வரை இப்படியே ஏறினால் எவ்வளவு என்று தானாகவே 28 வரை அடுக்கினாள். ஒரு சார்ட்டை எடுத்து ஆச்சி வீட்டுப் புழு ஒன்றும் செய்தோம். அது திங்கள் ஒரு மாம்பழம், செவ்வாய் இரண்டு நுங்கு என்று போய்ச் சனிக்கிழமை முறுக்கு, சீடை, கருப்பட்டி மிட்டாய் என்று பத்தையும் ஓட்டை போட்டது.

நிஜப்புழு கறிவேப்பிலைச் செடியில் இருந்தது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியும் அதன் உறவுக்காரப் பட்டாம்பூச்சிகளும் எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்தில் முட்டையிடும். சின்னப் புழு பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கிடக்கும்; தெரியாதவர் தட்டிவிட்டுவிடுவார். நாலு தடவை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்ததும் பச்சையாகிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஈரமான கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், கூடவே ஒரு காட்டமான வாடை. கொம்பு நீள்கிறபோது பிள்ளைகள் பின்வாங்குவார்கள், மறுபடி மூக்கை நீட்டிக்கொண்டு வருவார்கள்.

வாய் அகன்ற பாட்டில் ஒன்று, மேலே கட்ட மெல்லிய துணி, தினம் ஒரு புது ஈர்க்கு. வேறு சாமான் வேண்டாம். பழைய ஈர்க்கில் எத்தனை இலை மிச்சம் என்று எண்ணி எழுதுவது பிள்ளைகள் வேலை. முதல் நாட்களில் இலையின் ஓரம்கூடக் குறையாது. வாழ்நாளில் தின்பதில் பெரும்பங்கை அந்தப் பச்சைப் பருவத்தில்தான் தின்று தீர்க்கும். அப்போது ஈர்க்கு மொட்டையாக நிற்கும். கண்ணில் பட்ட நாளிலிருந்து சிறகு விரிக்க மூன்று நான்கு வாரம் ஆகும். ஏப்ரல் கடைசியில் மூடி ஜூனில் திறக்கிற பள்ளி விடுமுறைக்குள் அடங்கிவிடும். சமையலுக்குக் கறிவேப்பிலை கேட்டவர்களுக்குக் கொஞ்ச நாள் கட்டுப்பாடு இருந்தது. 2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அரசு அறிவித்தது. அதன் படத்தைப் பார்த்துச் சிறகில் வண்ணம் தீட்டியது பாட்டில் புழு கூட்டுக்குள் இருந்த நாட்களில்.

நகல் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசம். பதிவிறக்கி அச்சிட உரிமமும் உண்டு. 16 பக்கக் கதையை ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் போட்டால் நாலு தாள், எட்டுப் பக்கம். கலர் பிரிண்ட் பக்கத்துக்குப் பத்து ரூபாய் வீதம் 80 ரூபாய். கறுப்பு வெள்ளை இரண்டு ரூபாய் வீதம் 16. ஒரு கலர் நகலின் விலைக்கு ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கறுப்பு வெள்ளை நகல்! வண்ணம் அடிக்கிற வேலை பிள்ளைகளுக்கே வந்துவிட்டது. கதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். கோட்டோவியமாக, பின்னணி வெள்ளையாக இருக்கிற கதைகள்தான் இதற்கு ஆகும். இரவுக் காட்சியும் அடர்ந்த காடும் வருகிற கதையை எடுத்தால் மையப்பி வந்து நிற்கும். கிரேயான் அதன்மேல் ஏறாது.

காய்கறி அச்சுக்கு ஊக்கம் சென்னை தாரா புக்ஸ். 2006-ல் வந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ புத்தகத்தில் கோண்ட் ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்களைக் கறுப்புத் தாளில் பட்டுத்திரை வைத்துக் கையாலேயே அச்சிடுகிறார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு தடவை என்று தாளைத் திரும்பத் திரும்பத் திரைக்கடியில் வைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் விலை எங்கள் கணக்குக்குள் அடங்காது. செய்முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து இதழ்ப் பூ. பீட்ரூட் சாற்றில் ஒரு நிறம், மஞ்சள் கரைசலில் ஒரு நிறம். பத்துத் தாள், இரண்டு நிறம், இருபது தடவை. முதல் நிறம் காயும் முன் இரண்டாவதை வைத்தால் இரண்டும் கலங்கிப் பழுப்பாகிவிடும். மே வெயிலில் காய அதிக நேரம் பிடிக்காது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய வேலை.

இன்னொரு சார்ட் பரமபதத்துக்குப் போனது. சார்ட்டின் அளவு 56-க்கு 71 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர்க் கட்டமாகப் பத்துக்குப் பத்து போட்டால் 50-க்கு 50, ஓரத்தில் மிஞ்சுகிற துண்டில் காய் வெட்டலாம். படித்த கதைகளிலிருந்து ஏணியும் பாம்பும்: தும்மல் ஒரு பாம்பு, கறிவேப்பிலை ஓர் ஏணி. பகடைக்கு ஆறு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் திண்ணையில் உரசி வெள்ளையாக்கினோம். வெள்ளை விழுந்த எண்ணிக்கைதான் ஆட்டம். இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் 64 தடவையில் 20 தடவை மூன்று விழும். ஆறு விழுவது ஒரே தடவை. ஆறு வேண்டும் என்று கும்பிட்டுப் போடுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை.

நுங்கு வண்டிக்கு மட்டும் வரிசை மாறியது. விளையாட்டு முதலில், புத்தகம் பிறகு. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று நுங்கு. ஆளுக்கு இரண்டு சக்கரம் என்றால் ஐந்து பேருக்குப் பத்துக் காய், கிட்டத்தட்ட முப்பது நுங்கு. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து அதைத் தின்று தீர்த்தால்தான் வண்டி ஓடும்! அரிவாள் தாத்தா கையில் மட்டும். நோண்டித் தின்ற காய் இரண்டுக்கும் நடுவே ஒரு குச்சி, அதன்மேல் கவட்டைக் கம்பு. “ஏல, ரெண்டு காயும் ஒரே கனமா பாத்து எடு. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்” என்றார் தாத்தா. எட்டு வயதுக்காரன் வேண்டுமென்றே பெரிதும் சிறிதுமாக எடுத்து மாட்டினான். வண்டி வட்டமடித்தது. அவன் வண்டிக்கு முற்றம் போதும், மற்றவர்களுக்குத் தெரு வேண்டும்.

இதற்குப் பொருத்தமான புத்தகம் தேடிக் கடைக்குப் போகவில்லை. வட்டமடிக்கிற வண்டியின் கதையைப் பிள்ளைகளே எழுதினார்கள். எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கம். முதுகில் மூன்று ஓட்டை, ஒரு முழ நூல். 500 தாள் கொண்ட ரீம் 300 ரூபாய் என்றால் தாள் 60 காசு. புத்தகம் ஒன்றுக்கு 4 ரூபாய் 80 காசு. அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை. தைக்கும் முன் பக்க எண் போட்டுவிட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சங்கதி தெரியும். வெளித்தாளின் ஒரு முகத்தில் 32-ம் 1-ம் அடுத்தடுத்து இருக்கும். திருப்பினால் 2-ம் 31-ம். நட்டநடுவில் 16, 17. எந்த முகத்தை எடுத்தாலும் கூட்டுத்தொகை 33. இதைக் கண்டுபிடித்ததும் ஆறு வயதுக்காரி எல்லாத் தாளையும் பிரித்துப் போட்டுக் கூட்டிப் பார்த்தாள். திரும்ப அடுக்க அவளுக்கு ஒரு மத்தியானம் ஆனது.

900 ரூபாயைக் குறைக்க வழி உண்டு. சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி, 90 ரூபாய் மிச்சம்; கோடைக்கான புத்தகத்தை ஜனவரியிலேயே எடுத்து வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய வழி நூலகம். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. அதன்படி சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. வருஷத்துக்கு 1,500 ரூபாய் வீட்டுவரி என்றால் 150 ரூபாய் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கட்டின பணத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் படப்புத்தகம் கேட்க வேண்டும். தமிழில் நல்ல படப்புத்தகம் இல்லையென்றால் வாங்கி வையுங்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 400 ரூபாய்ப் புத்தகம் ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. கிளை நூலகத்தில் இருந்தால் தெருவுக்கே போதும்.

ரீமில் 60 தாள் செலவானது: புத்தகங்களுக்கு 40, அச்சுக்கு 10, வீணானது 10. மிச்சம் 440. எட்டால் வகுத்தால் இன்னும் 55 புத்தகத்துக்குத் தாங்கும். காலாண்டு விடுமுறைக்குள் அட்டைக்குப் பத்திரிகை சேர்க்க வேண்டும். வைகாசி, ஆவணி இரண்டும் முகூர்த்த மாதம் என்பதால் அதற்குப் பஞ்சமிருக்காது.