10 கிலோ பீங்கான், 1 மைக்ரோகிராம் அழுக்கு

பீங்கான் கழிப்பறைச் சாதனங்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2556. அது அனுமதிக்கும் நீர் உறிஞ்சும் அளவு சராசரியாக 0.5 சதவீதம். அதாவது 10 கிலோ எடையுள்ள ஒரு வாஷ்பேசின் 50 கிராம் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. சாதாரணச் செங்கல்லுக்கு ஐ.எஸ். 1077 தரும் வரம்பு 20 சதவீதம். அதே 10 கிலோ எடைக்கு 2 கிலோ தண்ணீர். இரண்டுக்கும் இடையே 40 மடங்கு வித்தியாசம். களிமண்ணை அரைத்து, வார்த்து, கிளேஸ் பூசி, சூளையில் ஏற்றி இறக்கும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளியின் உழைப்பு முழுவதும் இந்த 40 மடங்கில் அடங்கியிருக்கிறது. அழுக்கு உள்ளே இறங்காத பரப்பு ஒன்றைச் செய்து தருவதே அவர் வேலை.

அழுக்கு உள்ளே இறங்காது என்பதால் மேலே தங்காது என்று சொல்லிவிட முடியாது. வாந்திபேதியை உண்டாக்கும் நோரோவைரஸைப் பீங்கான், துருப்பிடிக்காத எஃகு, ஃபார்மைக்கா ஆகிய மூன்று பரப்புகளிலும் தடவிப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. மூன்றிலும் 7 நாள் வரை வைரஸின் மரபுப்பொருள் தென்பட்டது. மரபுப்பொருள் தென்படுவதால் மட்டும் வைரஸ் உயிர்ப்புடன் இருப்பதாகக் கொள்ள முடியாது. ஆனாலும் 7 நாள் என்பது ஒரு சொகுசுக் கப்பலின் முழுப் பயணக் காலம்.

விருத்தாசலத்துக்குக் கடல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 73,585 பேர் வாழ்ந்த இந்த நகரத்திலிருந்து கடலூர்க் கரை சுமார் 60 கி.மீ., சென்னைத் துறைமுகம் சுமார் 215 கி.மீ. ஆனால் 2022 ஜூன் 4-இல் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் சேவை தொடங்கிய பிறகு, 2 இரவுக் கடல் பயணம் இவ்வூர்க் குடும்பங்களும் திட்டமிடக்கூடிய ஒன்றாகிவிட்டது. முதலில் ஓடிய கப்பல் 1990-இல் கட்டப்பட்டது. மொத்த டன்னேஜ் 48,563. சுமார் 1,800 பயணிகளை ஏற்றக்கூடியது. கப்பலில் வயிற்று நோய் வரும் என்ற அச்சம் பயணிகளிடம் உண்டு. அந்த அச்சம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இதற்கு நீண்டகாலப் பதிவு வைத்திருப்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம். அதன் கப்பல் சுகாதாரத் திட்டம் 1975 முதல் நடக்கிறது. 2008 முதல் 2014 வரையிலான 7 ஆண்டுகளில் அத்திட்டத்தின் கீழ் பயணம் செய்தவர்கள் 7 கோடியே 35 லட்சத்து 99 ஆயிரத்து 5 பேர். வயிற்றுப்போக்கோ வாந்தியோ பதிவானவர்கள் 1,29,678 பேர், 0.18 சதவீதம். 568 பயணிகளுக்கு ஒருவர். 1 லட்சம் பயண நாட்களுக்கு 2008-இல் 27.2 ஆக இருந்த நோய் எண்ணிக்கை 2014-இல் 22.3 ஆனது, 18 சதவீதம் குறைவு. இந்த 1,29,678 பேரில் நோய்த்திரள் என்று அறிவிக்கப்பட்ட பயணங்களில் இருந்தவர்கள் 12,830 பேர் மட்டுமே, ஏறக்குறைய 10 சதவீதம். மீதி 90 சதவீதத்தினர் செய்தியில் வராத, தனித்தனியாக நோயுற்றவர்கள்.

சென்னைக் கப்பலின் 1,800 பயணிகளுக்கு அதே 0.18 சதவீதத்தைப் பொருத்தினால் ஒரு பயணத்துக்கு 3 பேர் வருகிறது. அமெரிக்க மையம் நோய்த்திரள் என்று வெளியிடும் எல்லை 3 சதவீதம். அது 54 பேர். 2014 ஜனவரியில் ‘எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 3,071 பயணிகளில் 634 பேருக்கு நோய் கண்டது, 20.6 சதவீதம். அந்த விகிதம் இங்கே நேர்ந்தால் 371 பேர். 3, 54, 371: முதல் எண் வழக்கமானது, மூன்றாவது மிக அரிதானது. பயணி பார்த்துக்கொள்ள வேண்டியது 3 எப்படி 54 ஆகிறது என்பதைத்தான். 2014 கப்பலின் பணியாளர் கணக்கும் இதில் பயன்படும். 1,166 பணியாளர்களில் 55 பேர் நோயுற்றனர், 4.7 சதவீதம். ஒரே கப்பலில் பயணிகளின் விகிதம் பணியாளர்களுடையதைப் போல 4 மடங்குக்கு மேல். ஏன் என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல இந்த எண்கள் போதா.

2023-இல் அம்மையம் வெளியிட்ட கப்பல் நோய்த்திரள்கள் 14. 2024-இல் 18. அவற்றில் 15 நோரோவைரஸால் வந்தவை. ஓராண்டில் 29 சதவீத உயர்வு. உலகக் கப்பல் பயணிகள் இதே காலத்தில் 3.17 கோடியிலிருந்து 3.46 கோடியாக, 9 சதவீதம் கூடினர். நோய் பயணிகளைவிட வேகமாகக் கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் முதல் எண் அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுடையது, இரண்டாவது உலகம் முழுவதற்குமானது. 14-க்கும் 18-க்கும் இடையே உள்ளவை 4 நிகழ்வுகள்தான். இதை வைத்துப் போக்கு என்று பேச நான் தயங்குவேன். அமெரிக்காவில் பதிவாகும் மொத்த நோரோவைரஸ் திரள்களில் கப்பல்களின் பங்கு 1 சதவீதம் அளவே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மீதி 99 சதவீதம் தரையில் நடக்கிறது. 2021 நவம்பரில் கேரளத்தின் வயநாடு, பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் 13 மாணவர்களுக்கு இதே வைரஸ் உறுதியானது. பலர் ஒரே சமையலையும் ஒரே கழிப்பறையையும் ஒரே கைப்பிடியையும் பகிரும் இடம் விடுதியானால் என்ன, கப்பலானால் என்ன.

இனி கைக்கு வருவோம். நோயுற்ற ஒருவரின் 1 கிராம் மலத்தில் உச்ச நேரத்தில் இருக்கும் வைரஸ் படிகள், தன்னார்வலர்களிடம் எடுத்த அளவுப்படி, இடைநிலை மதிப்பாக 9,500 கோடி. கண்ணுக்குத் தெரியாத 1 மைக்ரோகிராம் (கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு) விரல் நுனியில் ஒட்டினால் 95,000 படிகள். பாதிப் பேருக்குத் தொற்று உண்டாக்கத் தேவையான அளவு 18 துகள்கள் என்று 2008-இல் ஒரு மதிப்பீடும், சுமார் 2,800 படிகள் என்று 2014-இல் இன்னொரு மதிப்பீடும் வந்தன. இரண்டுக்கும் இடைவெளி பெரிது. இரண்டில் தாராளமான 2,800-ஐயே எடுத்துக்கொண்டாலும் அந்த 1 மைக்ரோகிராமில் 34 பேருக்கான அளவு இருக்கிறது.

அந்த விரலைச் சுத்தம் செய்ய மூன்று வழிகளை 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்தது. கப்பல் உணவுக்கூட வாசலில் வைத்திருக்கும் வகையான, 62 சதவீத எத்தில் ஆல்கஹால் கொண்ட சானிடைசர் வைரஸ் படிகளை 28 முதல் 54 சதவீதம் வரை குறைத்தது. திரவ சோப்பும் தண்ணீரும் 79 முதல் 94 சதவீதம். வெறும் தண்ணீர்க் கழுவல் 74 முதல் 97 சதவீதம். 95,000-இல் மிஞ்சுவதைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். சானிடைசருக்குப் பின் 43,400 முதல் 68,800. சோப்புக்குப் பின் 6,000 முதல் 20,300. தண்ணீருக்குப் பின் 2,500 முதல் 25,000. 2,800 என்ற எல்லையை வைத்தால் சானிடைசர் தன் மிகச் சிறந்த நிலையிலும் அதைப்போல 15 மடங்கை விரலில் விட்டுவைக்கிறது. சோப்பு சிறந்த நிலையில் 2 மடங்குக்குக் கொண்டுவருகிறது. இவை மரபுப்பொருளை எண்ணிய அளவுகள். விரலில் இருப்பதெல்லாம் வாய்க்குள் போவதும் இல்லை. ஆயினும் வரிசை மாறவில்லை. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹாலால் கரைத்து உடைக்க அங்கே ஒன்றும் இல்லை. கொரோனா காலத்தில் நம் பைகளுக்குள் புகுந்த சானிடைசர் பாட்டிலை வயிற்று நோய்க்கும் காவல் என்று நம்பிக் குழந்தையின் கையில் பிழிந்துவிட்டு இட்லியைக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த 54 சதவீதம்தான் நினைவுக்கு வருகிறது. உராய்வும் ஓடும் தண்ணீரும்தான் வைரஸைக் கையிலிருந்து இறக்குகின்றன.

நம் வீடுகளின் நிலை: தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆவது சுற்று, 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை. மலம் கழித்த பின் சோப்பால் கைகழுவும் வீடுகள் 74.1 சதவீதம். சாப்பாட்டுக்கு முன் சோப்பு 35.8 சதவீதம், கிராமத்தில் 25.3, நகரத்தில் 56.0. சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் மட்டும் 60.4 சதவீதம். கழிப்பறைக்கும் இலைக்கும் இடையே 38.3 புள்ளிகள் சோப்பு காணாமல் போகிறது. மேலே சொன்ன ஆய்வை வைத்து அந்த 60.4 சதவீதத்தினரும் பாதுகாப்பானவர்கள் என்று சொல்ல முடியாது. சோதனைச்சாலையில் விரல் நன்றாக அலசப்பட்டது. வீட்டில் பெரும்பாலும் சொம்புத் தண்ணீரில் விரல் நனைகிறது.

தண்ணீருக்கு என்ன செலவு? நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் குழாய் என்று வைத்துக்கொள்வோம். நனைக்கவும் அலசவும் 10 விநாடி, தேய்க்க 20 விநாடி. தேய்க்கும்போது குழாயை மூடினால் ஒரு கழுவலுக்கு 1 லிட்டர். மூடாவிட்டால் 3 லிட்டர். நாளுக்கு 10 முறை என்றால் 10 லிட்டர் அல்லது 30 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு வகுத்த தலைக்கு 135 லிட்டரில் இது 7.4 சதவீதம் அல்லது 22.2 சதவீதம். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு வைத்த 55 லிட்டரில் 18.2 அல்லது 54.5 சதவீதம். கோடையில் குழாய் வற்றும் தெருவில் இருப்பவரிடம் கைகழுவச் சொல்லும்போது குழாயை மூடியும் காட்ட வேண்டும். இல்லையேல் அவர் பங்குத் தண்ணீரில் பாதிக்கு மேல் வாஷ்பேசினில் போகும். நேரம் நாளுக்கு 300 விநாடி, 5 நிமிடம். 1,440 நிமிடத்தில் 0.35 சதவீதம்.

மறுபக்கச் செலவை 2016-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலகில் ஆண்டுக்கு 69.9 கோடி நோரோவைரஸ் நோய்கள், 2,19,000 இறப்புகள், மருத்துவச் செலவு 420 கோடி டாலர், சமூகச் செலவு 6,030 கோடி டாலர். ஒரு நோய்க்கு மருத்துவச் செலவு 6 டாலர், சமூகச் செலவு 86 டாலர். மருந்துக்கடை ரசீதில் தெரிவது 14-இல் 1 பங்கு. மற்றது போன கூலி, போன நாள்.

பீங்கானுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் கை கழுவிய பிறகு தொடுவது எதை என்பதும் கணக்கில் வர வேண்டும். 2004-இல் வந்த ஓர் ஆய்வில், வைரஸ் ஒட்டிய விரல் அடுத்தடுத்து 7 சுத்தமான பரப்புகள் வரை அதைக் கொண்டுசேர்த்தது. குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, தொலைபேசி போன்றவை அங்கே சோதிக்கப்பட்டன. விருத்தாசலத்தில் செய்த பேசின் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அதை யாரும் பிடிப்பதில்லை. பிடிப்பது அதன் மேலுள்ள திருகை. 2009-இல் வெளியான இன்னொரு ஆய்வு 56 கப்பல்களில் 273 பொதுக் கழிப்பறைகளை 1,546 முறை பார்த்தது. தினமும் சுத்தம் செய்யப்பட்டவை 37 சதவீதம். அதே கப்பல்கள் அமெரிக்கச் சுகாதாரச் சோதனையில் பெற்ற சராசரி மதிப்பெண் 100-க்கு 97. தேறும் எல்லை 86. 97 பெற்றவற்றில் 37 சதவீதம். அடுத்த 4 மாதங்களுக்குள் நோய்த்திரள் கண்ட 3 கப்பல்களின் கழிப்பறைச் சுத்த மதிப்பு 10.3 சதவீதம், காணாத 40 கப்பல்களுடையது 40.4 சதவீதம். மூன்றே கப்பல்கள் என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் கழுவிய கையில் ஒரு காகிதத் துண்டை எடுத்துத் திருகையும் கதவையும் அதனால் பிடித்துத் திறப்பதற்கு ஆகும் செலவு 1 காகிதம்.

சென்னையின் 2 இரவுப் பயணத்துக்கு இந்தப் புள்ளிவிவரங்களில் ஒரு குறை உண்டு. நோய் தொற்றி வெளிப்பட 12 முதல் 48 மணி நேரம் ஆகும். வெள்ளி மாலை ஏறி, சனி இரவு 8 மணிக்குப் பஃபேயில் தொற்று வாங்கியவருக்கு ஞாயிறு காலை 8 முதல் திங்கள் இரவு 8-க்குள் வாந்தி தொடங்கும். கப்பல் ஞாயிறு காலை 10 மணிக்குக் கரை சேர்ந்தால், அந்த 36 மணி நேரத்தில் 2 மணி நேரம்தான் கப்பலில் கழிகிறது. 94 சதவீதம் தரையில். எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வரும் ரயிலிலோ, வீட்டிலோ அவர் நோயாளியாவார். கப்பல் மருத்துவரின் ஏட்டில் அவர் பெயர் இராது. அமெரிக்கப் பதிவும் 3 முதல் 21 நாள் பயணங்களைத்தான் எண்ணியது. 0.18 சதவீதத்தைக் குறும்பயணத்துக்கு அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வீடு வந்து நோயுற்றவருக்கு வாந்தி 1 முதல் 3 நாளில் நிற்கும். தன்னார்வலர் ஆய்வில் வைரஸ் மலத்தில் வெளியேறியது இடைநிலை மதிப்பாக 28 நாள், சிலருக்கு 56 நாள் வரை. நோய் நின்ற பின்னும் குறைந்தது 48 மணி நேரம் அவர் அடுப்படிப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. குடிநீரில் வைரஸைத் தடுக்க ஐ.எஸ். 10500 கேட்கும் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். வாந்தி பட்ட பரப்புக்குத் தேவை 1,000 முதல் 5,000 மில்லிகிராம், அதாவது 2,000 முதல் 10,000 மடங்கு. முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 15 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 5,000 வரும். பழசாகி 25 சதவீதமாக இறங்கியிருந்தால் 20 கிராம். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, பேசினையும் திருகையும் தாழ்ப்பாளையும் துடைத்து, 5 நிமிடமாவது ஈரமாக விட்டு, பிறகு அலச வேண்டும். 0.5 சதவீதமே உறிஞ்சும் பீங்கானில் அந்தக் கரைசல் மேலேயே நிற்கும்; வைரஸ் இருப்பதும் அங்கேதான்.